மழை தெரியாத ஷெல்

சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு பஸ்ஸில் வரும்போதெல்லாம் தமிழினிக்குப் பாதித் தூக்கம், பாதிக் கனவு. ஜன்னலில் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்து போகும். எதற்கும் பக்கத்துப் பாறையைத் தெரியாது என்று தோன்றும். அவள் கம்ப்யூட்டர் எடிட்டரில் எழுதிவைத்த பைத்தான் நிரல் கட்டங்களும் அப்படித்தான். மேல் கட்டத்தில் சொன்னது கீழ்க் கட்டத்துக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் புதிதாய்ப் பிறந்து, விடையைச் சொல்லி, மறைந்துவிடும்.

கடைவீதி மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஜெயஸ்ரீ தெளிவாகச் சொல்லியிருந்தாள். பாடமும் அதன் விடைகளும் ஒரே பக்கத்தில் ஓடினால் தமிழ்வழிப் பைத்தான் வகுப்பைத் தமிழினியே எடுக்கலாம். இல்லையென்றால் திங்கள் முதல் மறுபடி டைப்பிங் வகுப்பு எடுக்க வேண்டியதுதான்.

எல்லாம் தானாகக் கற்றது. உதவிப் பக்கங்களை வரிவரியாகப் படித்து, செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு தடவைக்கு ஒரே வரியை மாற்றி ஓட்டிப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், மூடாமல் விழித்தேயிருந்து நிரலை ஓட்டும் ஒரே ஷெல்லோடு எல்லாக் கட்டங்களையும் இணைத்தாள். முதல் கட்டத்தில் ஊரில் ஆறு நாள் பெய்த மழையின் அளவுகளை ஒரு பெயரில் சேர்த்துவைத்திருந்தாள். இரண்டாவது கட்டம் அந்தப் பெயரைச் சொல்லி அவற்றைக் கூட்ட வேண்டும். ஓட்டினாள். மழை என்ற பெயரே தெரியாது என்றது ஷெல்.

"இன்னாடி, கட்டமெல்லாம் பேசிக்கிச்சா?" என்றாள் ஜெயஸ்ரீ.

"இல்லக்கா. மளன்னா இன்னான்னு கேக்குது."

"வெயில் ஊர்ல இருக்குது பாவம், அதுக்கு எப்டித் தெரியும்?"

மறுபடி செட்டிங்ஸைத் திறக்கப் போன விரல் நின்றது. ஷெல்லையே கேட்டால்? நினைவில் இருக்கும் பெயர்களையெல்லாம் காட்டச் சொன்னாள். பட்டியலின் கடைசியில் சாதுவாக உட்கார்ந்திருந்தது: மளை.

முதல் கட்டத்தில் வாயில் வருகிறபடியே விரலும் தட்டியிருக்கிறது. இணைப்பு சரிதான், ஷெல் எதையும் மறக்கவில்லை.

ளகரத்தை ழகரமாக்கி இரண்டு கட்டங்களையும் ஓட்டினாள். நாற்பத்தேழு மில்லிமீட்டர்.

ஜெயஸ்ரீ தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "திங்கக்கெழம பத்து மணிக்கு கிளாஸ் எடுக்க வந்துடு. ஆனா மளய மட்டும் வாயால சொல்லாத, போர்டுல எழுதிடு."

"நீ மட்டும் இப்ப இன்னாக்கா சொன்ன?"

ஜெயஸ்ரீ நாக்கைக் கடித்துக்கொண்டாள். தமிழினி சிரித்தபடியே மூன்றாவது கட்டத்தைத் தொடங்கினாள்.