மெட்டி போட்ட காளான் குழம்பு

போன திங்கட்கிழமை கவரைப்பேட்டை ரயிலடியில் காளான் கூடையோடு உட்கார்ந்திருந்த அஞ்சலை என்னைக் கூப்பிட்டாள். "கம்பவுண்டர் சாரே, நம்ம நர்ஸம்மா பூட்டாங்களாம். பொதட்டூர்பேட்டைலயே அடக்கம் பண்ட்டாங்களாம்." காளானில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டேதான் சொன்னாள். நான் ஏற வேண்டிய ரயில் வந்து போயிற்று.

மேரியம்மாவோடு வேலை பார்த்தவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ். நான் மருந்து கொடுப்பவன். ஆறு வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை அவர். வருகிற கர்ப்பிணியின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சாப்புடற?" என்பார். கஞ்சி என்று பதில் வரும். மழைக்காலமாக இருந்தால் அடுத்து காளான் பேச்சு. கறி வாங்க முடியாத வீட்டில் பருப்போடு அதுவும் சேர்ந்தால் கொஞ்சம் புரதம், கொஞ்சம் பி வைட்டமின். கொழுப்போ மிகக் குறைவு. அதன் பலனை இதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டார். அப்படியென்றால் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாமே என்று ஒருநாள் சீண்டினேன். "அது மருந்து, இது சோறு. ரெண்டையும் கொழப்பாதீங்க சார்" என்றார்.

எங்கள் வீட்டில் காளானுக்கு நாய்க்குடை என்றுதான் பெயர். வாசற்படி தாண்டியதில்லை. என் மனைவி டைபாய்டில் கிடந்து தேறிய பிறகு சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மேரியம்மா ஒரு தூக்கில் மிளகு போட்டு வதக்கிய காளானைக் கொண்டுவந்தார். இது என்ன கறி என்று மனைவி கேட்டாள். "காளானு. உங்க ஊட்ல நாய்க்கொடைம்பீங்க. எங்க ஊட்ல இதுக்குன்னே மழைய பாத்துக்கினு இருப்போம்." அவள் தூக்கை வழித்துச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் அவளே கேட்டு வாங்கினாள்.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. காளான் முளைக்கிற கறையான் புற்றுகளை இடித்து நிலத்தைச் சமன் செய்தார்கள். வழக்கமான இடம் போய்விட்டதால் அஞ்சலை ஒரு மதில் சுவருக்குப் பின்னால் முளைத்திருந்ததைப் பறித்துக்கொண்டு போனாள். குழம்பு கொதிக்கும்போது கால் மெட்டியைக் கழற்றி உள்ளே போட்டாள். விஷமிருந்தால் வெள்ளி கறுத்துவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. மெட்டி பளபளவென்று இருந்தது. புருஷனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஊற்றித் தானும் சாப்பிட்டாள். நான்கு பேரையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். மேரியம்மா அவர்களோடு சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி வரை போனார். நால்வரும் பிழைத்தது பெரிய விஷயம்.

அவர் திரும்பி வருமுன் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்துவிட்டார். "காளான் சாப்பிடச் சொன்னது இந்த அம்மாதானா?" என்று என்னைக் கேட்டார். "ஆமாம் சார்" என்றேன். அவர் ஃபைலை மூடினார். என் பதவி உயர்வுக் காகிதம் அவர் மேஜையில்தான் இருந்தது. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்; வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த மாதமே மேரியம்மாவைப் பொதட்டூர்பேட்டைக்கு மாற்றினார்கள். அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தபோது கோபமில்லாமல்தான் சொன்னார். "நீங்க பொய் சொல்லல சார். பாதில நிறுத்திட்டீங்க."

அதன் பிறகு நான் அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. பஸ் ஏறினால் போய்விடுகிற ஊர்தான். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது நான் சொல்லாமல் விட்ட அந்தப் பாதிதான். அஞ்சலை உட்பட ஒவ்வொருத்தியிடமும் அவர் சொன்னது முழுசாக இது: "காளானு சாப்புடு. ஆனா உங்க ஊட்ல வழிவழியா பறிக்கிற புத்துக்காளானு மட்டும். துளி சந்தேகம் வந்தாலும் தூக்கிப் போட்டுடு. மெட்டி கறுக்கலன்னு நம்பாத. மெட்டிக்கு வெஷம் தெரியாது."

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதிகாரி கேட்ட அன்றும் அது எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.