பால் தீர்ந்துபோன கடை

போன வாரம் பல்கலைக்கழகத்தில் என் கையில் ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். சிவப்பு ரோஜா, சுற்றிலும் பளபளக்கும் தாள். மேடையில் இருந்தவர்கள் தங்கள் கொத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுப் புன்னகைத்தார்கள். நான் முகரவில்லை. அந்த ரோஜாவுக்கு வாசனை கிடையாது, பூச்சிமருந்து வாடைதான். ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் பசுமைக்குடிலில் பல வருஷம் அதை வெட்டிக் கட்டியவள் நான். பூ விமானம் ஏறிப் போகும். மருந்து வாடை எங்களோடு வீட்டுக்கு வரும்.

கொத்தை மடியில் வைத்ததும் அந்த வாடை மேலே ஏறியது. கூடவே அண்ணன் நினைப்பில் வந்துவிட்டான். நான் குடிலில் இருந்து வந்து கையைக் கழுவுகிற நேரத்துக்குத்தான் அவனுடைய கம்பெனி பஸ்ஸும் வரும். "பாப்பா, நீ வர்றதுக்கு முன்னாடி உன் மருந்து வந்துடுதுடி" என்பான். அவன் மேல் மட்டும் என்ன, மிஷின் எண்ணெய் வாடைதான். நானும் விடமாட்டேன்.

அன்றைய கூட்டமே அவன் பேரில்தான். எல்லப்பன் நினைவுப் பேருரை. எங்கள் காலனியில் ஆய்வுக்கு வந்த கவிதா என்கிற பிள்ளை அவன் கதையைக் கேட்டுப் போய்த் துறையில் சொல்லி, துறை இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்துவிட்டது. நல்ல பிள்ளை. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பேனரில் அண்ணனுக்குக் கோட்டு மாட்டியிருந்தார்கள். கம்பெனி அடையாள அட்டையில் இருந்த முகத்தை வெட்டி எவனோ ஒருவன் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அண்ணன் கோட்டு போட்டு நான் பார்த்ததில்லை. அவன் நீலச் சட்டைக்கு என்ன கேடு?

பேருரை ஆற்றியவர் வெளியூர்ப் பேராசிரியர். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சாப்பாட்டுக் கடைகளில் போய் உட்கார்ந்து, பரிமாறும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று போராடியதைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தோடு போன நான் அந்த ஏசிக் குளிரில் கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன். "அதே வழியில் இரட்டைக் குவளையை ஒழித்த மாவீரர் எல்லப்பன்" என்று அவர் குரலை உயர்த்தியபோதுதான் விழித்தேன். கைதட்டல் காதை அடைத்தது.

ஒழித்தானா?

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை இருந்தது. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்களுக்குக் கூரை இடுக்கில் செருகி வைத்த அலுமினிய டம்ளர். நாமே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும், உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே செருக வேண்டும். என் அப்பாவும் அப்படித்தான் குடித்தார். தனக்குப் பழகிவிட்டது என்பார்.

அண்ணனுக்குப் பழகவில்லை. அதற்குக் காரணம் கம்பெனிதான். தொழிற்பேட்டையில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஊர்த்தெரு சீனிவாசனும் அவனும் ஒரே மிஷின், ஒரே ஷிப்டு, ஒரே பஸ். கேன்டீனில் எல்லாருக்கும் ஒரே தட்டு. "எல்லா, அந்த ஊறுகாய இப்படித் தள்றா" என்று சீனிவாசன் அண்ணன் தட்டில் கையை விட்டு எடுத்துத் தின்பானாம். அதே சீனிவாசன் ஊர் நிறுத்தத்தில் இறங்கினால் கிளாஸை வாங்கிக்கொண்டு பேப்பர் படிக்கத் தொடங்கிவிடுவான். அண்ணன் கூரையில் கைவிட்டு டம்ளரைத் தேடுவான். மத்தியானம் எச்சில் கிடையாது, சாயங்காலம் எச்சில் வந்துவிடும். இது எந்த ஊர் நியாயம்?

ஒரு நாள் அண்ணன் யூனிபார்மோடு போய் சீனிவாசன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். சீனிவாசன் எழுந்து நின்றான். நான் எதிரில் குழாயடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

"அண்ணா, ஒரு டீ. கிளாசுல" என்றான் அண்ணன்.

கடைக்காரர் திரும்பவே இல்லை. "உனுக்குத்தான் டம்ளர் இருக்குதே. எடுத்து நீட்டு."

"தமிழ்லயும் கிளாசுதான், தெலுங்குலயும் கிளாசுதான், கன்னடத்துலயும் கிளாசுதான். புரியலன்னு மட்டும் சொல்லாதண்ணா."

நின்றிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கடைக்காரருக்கு அதுதான் பொறுக்கவில்லை. 'சாமி' என்று கூப்பிட வேண்டியவன் 'அண்ணா' என்கிறானே என்று முன்பே அவருக்கு எரிச்சல். அடுப்பை அணைத்தார். "பால் தீந்துபோச்சி, எந்திரி" என்றார். சட்டி நிறைய பால் அப்போதும் ஆவி பறந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாளும் போனான். காலனிப் பையன்கள் கூடப் போனார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் பால் தீர்ந்துவிடும். கடை நிறைய பால் இருக்க, எங்களைக் கண்டதும் தீர்ந்துபோகிற பால். பிறகு தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார்கள், அதிகாரி ஜீப்பில் வந்தார்.

அவர் வந்த அன்று கடையில் ஒரு கிளாஸ்கூட இல்லை. பலகை மேல் பேப்பர் கப் அடுக்கி வைத்திருந்தது. எங்கள் பக்கம் அப்போதுதான் அது வர ஆரம்பித்திருந்தது. அதிகாரிக்குக் கப், ஊர்ப் பெரியவர்களுக்குக் கப், அண்ணனுக்கும் கப்.

"பாருங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். இப்ப சந்தோஷம்தானே?" என்று அதிகாரி கேட்டார்.

 அண்ணன் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டீ ஆறி ஆடை கட்டியது. ஜீப் போனபிறகு அதைக் கீழே ஊற்றினான்.

கிளாஸ் எல்லாம் பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. அண்ணன் வாய் வைக்கப்போகிற ஒரு கிளாஸைக் கழுவுவதற்குப் பதிலாக ஊரே தன் கிளாஸை விட்டுக்கொடுத்தது. இப்படியும் மனுஷர்கள் இருப்பார்களா என்று கேட்காதீர்கள், இருந்தார்கள். சீனிவாசனுக்குக்கூட அந்தக் கப் பிடிக்கவில்லை. "உன்னாலதான்டா எல்லாம். டீ குடிச்சா அட்டப்பொட்டி நாறுது" என்று கேன்டீனில் சொல்லிவிட்டுச் சிரித்தானாம், அண்ணன் தட்டில் இருந்து எடுத்துத் தின்றுகொண்டே.

"நாம ஜெயிச்சிட்டமாண்ணா?" என்று கேட்டேன்.

"தெரிலடி பாப்பா" என்றான். அந்தக் கடைக்கு அவன் அப்புறம் போகவே இல்லை.

ஒப்பந்தக்காரர் கடைக்காரருக்கு மச்சான். கொஞ்ச நாளில் அண்ணனை வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. காரணம் யாரும் சொல்லவில்லை, ஆள் வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். அண்ணன் கல் குவாரிக்குப் போனான். பாறையைத் துளைக்கிற மிஷின், வாய்க்கு ஒரு துண்டுத்துணி. தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வார்டில் டீ கொண்டுவருகிறவன் பேப்பர் கப்பை நீட்டினால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் வீட்டில் இருந்து எவர்சில்வர் டம்ளர் எடுத்துப் போய் அதில் மாற்றிக் கொடுப்பேன். "உங்கண்ணன் பெரிய ஜமீனா?" என்று நர்சம்மா கேலி செய்வாள். அண்ணனும் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும், இருமினால் நிற்காது. அப்படியே ஒருநாள் போய்விட்டான். கல்யாணம்கூட ஆகவில்லை.

கூட்ட முடிவில் என்னை இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேசத் தெரியாது. எழுந்து நின்று, "எங்கண்ணன் கேட்டது கிளாசு. சாகுறவரைக்கும் அவனுக்கு அது கிடைக்கல" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். ஒரு பையன் விசிலடித்தான். பேராசிரியர் என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார், பொய்யாக இல்லை. சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். எனக்கு யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும்போல இருந்தது. அங்கே இருந்தவர்களில் திட்டத் தகுந்த ஆள் ஒருவரும் இல்லை.

திரும்பும்போது பல்கலைக்கழக வேனை ஊர் நிறுத்தத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "இங்கயாக்கா அந்தக் கடை இருந்துச்சு?" என்று கூட வந்த கவிதா கேட்டாள். நான் கையை நீட்டினேன், எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது கடை போய்விட்டது. பெஞ்சு இருந்த இடத்தில் சாக்கடை ஓடுகிறது. கடைக்காரர் செத்துப்போய்விட்டார். சீனிவாசன் நிலத்தை லேஅவுட்காரனுக்கு விற்றுவிட்டு பெங்களூர்ப் பக்கம் போனான், எங்கே என்று தெரியாது. ஊர்த்தெருவில் பாதி வீடு வடநாட்டுப் பையன்களுக்கு வாடகைக்குப் போய்விட்டது. தள்ளி ஒரு பேக்கரி இருக்கிறது. அங்கே நாங்களும் போய் உட்காரலாம். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை, ஏனென்றால் யாருக்கும் யாரையும் தெரியாது.

தெரியாதவன் கொடுக்கிற டீ அண்ணனுக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அப்போதே கிடைத்தது, அதுவும் கண்ணாடி கிளாஸில். அவன் கேட்டது அது இல்லை. இவன் இன்னார் மகன் எல்லப்பன், காலனிக்காரன் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் தன் கையால் நீட்ட வேண்டும் என்றான். அப்படித் தெரிந்தவர் இப்போது அந்த ஊர்த்தெருவில் ஒருவரும் இல்லை.