பால் தேத்தண்ணியும் விக்னராஜாவின் தலையும்

பென்டில் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருந்த விக்னராஜா அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். 1984இல் சிட்னிக்கு வந்து, பிஸ்கற் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்று, ஒற்றை ஆளாகக் கடையைத் தூக்கி நிறுத்தினார். யார் என்ன வாங்குவார்கள் என்பதெல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. கொம்பியூட்டர் வாங்குவோம் என்று மகள் கல்யாணி கேட்டபோது தலையைத் தட்டிக் காட்டி, இது பழுதானால் பார்ப்போம் என்றார்.

2005இல் அது பழுதானது. பதினொரு வருடமாக வந்துபோகும் ராஜகுமாரியிடம், "பிள்ளை இந்தப் பக்கம் புதுசோ?" என்று கேட்டுவிட்டார். அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். கல்யாணிக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் மனுஷன் கடையைப் பூட்டாமல், சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார்.

"அப்பா, கடைத் திறப்பை என்னட்டைத் தாங்கோ."

"நான் செத்தாப்பிறகு எடு."

இழுபறிப்பட்டு, டொக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பதென்று ஒத்துக்கொண்டார்கள்.

மெரிலேண்ட்ஸ் டொக்டர் வேதவல்லி மலேசியாக்காரி. என்ன கிழமை என்று கேட்டார்; விக்னராஜா தடுமாறினார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். மனைவி தனலெட்சுமி இறந்த முப்பத்தோராம் நாளோடு மற்றவர்கள் மச்ச மாமிசம் தின்னத் தொடங்கியும், தான் நாலு வருடமாக மீன், முட்டை தொடவில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாலாவது குடிக்கிறீங்களா அங்கிள்?"

"அவள் போடுற பால் தேத்தண்ணி இல்லையெண்டா ஒருத்தற்றையும் வேண்டாம். வெறும் தேத்தண்ணிதான்."

இரத்தத்தைச் சோதித்ததில் பி12 விற்றமின் அடிமட்டத்தில் கிடந்தது. மீன், முட்டை, பாலில் கிடைப்பது அது. குறைந்தால் மறதியும் வரும், ஊசி போட்டால் தெளியலாம், எவ்வளவு தெளியும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டொக்டர். சைவத்தை விடத் தேவையில்லை, ஊசியை விடாமல் போட்டு, பாலும் குடிக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் விக்னராஜா தானாகவே திறப்பை மகளின் கையில் வைத்தார்.

"தலை திரும்பினாப்பிறகு தா."

கல்யாணி போட்ட பால் தேத்தண்ணியை முதல் நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். சாயம் காணாது, தண்ணியாக் கிடக்கு என்றார். இரண்டாம் வாரம் கோப்பையை அவரே நீட்டினார்.

நாலாம் மாதம். கிழமை மட்டும் சில காலைகளில் தடுமாறியது. அதற்குச் சுவரில் கலண்டர் இருந்தது. ராஜகுமாரி கடைக்குள் வந்தாள். அவள் வாயைத் திறக்குமுன், அவள் வழக்கமாக வாங்கும் குரக்கன் மா இரண்டு பக்கெற்றும் ஒடியல் மா ஒன்றும் மேசையில் வந்து விழுந்தன.

"அண்டைக்கு என்னைப் புதுசோ எண்டியள், அங்கிள்."

"அது நான் இல்லைப் பிள்ளை, பி12."

கல்யாணி திறப்பைக் கொண்டுவந்து அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.