எத்தனை ஆம்பியர் என்று கேட்டவள்

இரண்டு மாதம் வாய் திறக்காமல் கிடந்த என் அக்கா முதன்முதலாகக் கேட்ட கேள்வி, "எத்தனை ஆம்பியர்?" என்பதுதான். கேட்டது மனநல மருத்துவரின் அறையில். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஏன் என்று சொல்ல அவளுடைய வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

முப்பத்தொரு வருடம் அவள் ஒரு துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர். சுவர் முழுக்க மீட்டர்கள், ஒரு மேசை, ஒரு தொலைபேசி, கோடு போட்ட ஒரு லாக் புத்தகம். அந்த அறைக்கு வந்த முதல் பெண் அவள். பெண் வரப்போகிறாள் என்று தெரிந்தும் கழிப்பறை கட்ட அவர்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை தினமும் லாக் புத்தகத்தில், "கழிப்பறை இன்றும் இல்லை" என்று நேரம் போட்டு எழுதினாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி அறுநூறு தடவை அதே வரியைப் படித்துவிட்டு, அவமானம் தாங்காமல் கட்டிக்கொடுத்தார்.

லைன்மேன்கள் அவளுக்கு வைத்த பெயர் "திருப்பிச்சொல் அக்கா". கம்பத்தில் ஏறப்போகிறவன் தொலைபேசியில் கேட்பான். இவள் அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சொல்வாள். அவன் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து இறங்கிய பிறகும் அப்படித்தான். ஏறியவனே பேச வேண்டும். விதி எல்லோருக்கும் பொதுதான். மற்றவர்கள் "சரி, சரி" என்று விட்டுவிடுவார்கள். அக்காவிடம் அது நடக்காது.

ஒரு மழை நாள் மதியம், மூன்று பேர் மூன்று கம்பங்களில். இரண்டு பேர் இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாவது ஆளுக்குப் பதிலாக வேறு யாரோ பேசினான்.

"எல்லாரும் இறங்கியாச்சுக்கா. கரன்ட் விடுங்க."

"நீங்க யாரு? நீங்களா ஏறினீங்க? ஏறினவரைக் கூப்பிடுங்க."

அதற்குள் பெரிய இன்ஜினியர் இன்னொரு இணைப்பில் கத்தினார். "தொழிற்சாலை நிக்குது. இப்ப விடலைன்னா உன்னை சஸ்பெண்ட் பண்ணிடுவேன்!"

"பண்ணுங்க சார். அதை ஒருதடவை திருப்பிச் சொல்லுங்க, நேரம் போட்டு எழுதிக்கறேன்."

இன்ஜினியர் திருப்பிச் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் கழித்து மூன்றாவது ஆள் பேசினான். அதுவரை அவன் மேலேதான் இருந்தான்.

இதுதான் என் அக்கா. அறுபத்தொன்பதாம் வயதில் அவளுக்கு மனச்சோர்வு நோய் வந்தது. காரணம் தேடாதவர் இல்லை. மகன் நல்லவன், பள்ளியில் கணக்கு வாத்தியார். வீட்டில் குறை ஒன்றும் இல்லை. "வயசானா அப்படித்தான்" என்றார்கள் உறவினர்கள். இந்த ஒரு வாக்கியம் எத்தனை முதியவர்களைச் சத்தமில்லாமல் கொன்றிருக்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. கால் உடைந்தால் எழுபதிலும் கட்டுப் போடுகிறோம். மூளை நோயில் விழுந்தால் மட்டும் வயதின் மேல் பழி போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறோம்.

முதலில் தூக்கம் போயிற்று. பிறகு பசி. கடைசியில் அவள் சொன்னதுதான் எங்களைக் கலங்கடித்தது.

"மழை பெஞ்ச அன்னிக்கு நான் சுவிட்சைப் போட்டுட்டேன்டா. மேல ஆள் இருந்தான். கருகிப் போயிட்டான்."

அப்படி நடக்கவே இல்லை என்றேன். லாக் புத்தகத்தின் நகலைக் காட்டினேன். அந்த மூன்றாவது லைன்மேனையே நேரில் கூட்டிவந்தேன். முட்டி வலியோடு மூன்று மாடி ஏறி வந்து அவள் எதிரில் நின்றார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவன் சாயல்ல யாரையோ கூட்டிட்டு வந்திருக்கீங்க."

வாதத்தால் எதையும் வெல்லலாம் என்று நம்பி வளர்ந்தவன் நான். சான்று உயிரோடு எதிரில் நின்று இருமியது, பலிக்கவில்லை. அவளுடைய வாழ்நாள் பெருமையைத்தான் அந்த நோய் பிடுங்கி, அதையே குற்றமாக்கி அவள் தலையில் கட்டியிருந்தது. அன்றோடு பேச்சும் நின்றது.

இரண்டு வகை மாத்திரைகள் வாரக்கணக்கில் கொடுத்தும் பலன் இல்லை. எடை முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்தது. தண்ணீரையும் மறுக்கத் தொடங்கியபோது மருத்துவர் மின்னதிர்வுச் சிகிச்சை என்றார். மகன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"ஷாக்கா? எங்கம்மா என்ன பைத்தியமா?"

அவன் பயத்தை நான் பழிக்க மாட்டேன். ஒரு காலத்தில் மயக்க மருந்தே இல்லாமல், சம்மதம் கேட்காமல், அடங்காதவர்களை அடக்க அதைப் பயன்படுத்திய இடங்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பழைய கொடுமையைக் காட்டி இன்றைய மருந்தை மறுத்தால், சாகப்போவது கொடுமை செய்தவன் அல்ல.

அந்த மருத்துவர் இளம்பெண். மகனிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, மயக்க ஊசி போட்டு, தசையெல்லாம் தளர மருந்து கொடுத்துட்டு, தலையில கொஞ்ச நேரம் மின்சாரம் வைப்போம்."

அப்போதுதான் அக்கா தலையைத் தூக்கினாள்.

"எத்தனை ஆம்பியர்?"

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மருத்துவர் மட்டும் அசரவில்லை. "ஏறக்குறைய முக்கால் ஆம்பியர், சின்னச் சின்ன துடிப்பா. மொத்தமே சில விநாடிதான்."

"நெஞ்சு வழியா போச்சுன்னா ஆள் காலி."

"நெஞ்சுக்குப் போகாதும்மா. தலையோட வலது பக்கத்துல மட்டும் வைப்போம். ஒரு சின்ன வலிப்பு வரும், ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கிடும். அந்த வலிப்புதான் மருந்து."

"அப்புறம்?"

"முழிச்சதும் கொஞ்சம் குழப்பம் இருக்கும். இந்த ஒண்ணு ரெண்டு மாசத்துல நடந்தது சிலது மறந்துபோகும். பெரும்பாலும் திரும்பும், சிலது திரும்பாமலும் போகலாம். ரொம்ப நாள் சோர்வுல மூளையில ஞாபகத்துக்கான ஒரு பகுதி சுருங்கியிருக்கறதைப் பாத்திருக்காங்க. இந்தச் சிகிச்சைக்கு அப்புறம் ஸ்கேன்ல அது கொஞ்சம் பெருசாகித் தெரியுது. அதனாலதான் குணமாகுதான்னு கேட்டா, உறுதியா தெரியாது. ஆனா உங்க வயசுல, உங்களை மாதிரி இருக்கறவங்க நிறையப் பேரு தேறிடறாங்க."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வாய்க்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

அக்கா சம்மதப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.

மருத்துவர் முதலிலிருந்து சொன்னார். அக்கா கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில், யாரும் கேட்காமலேயே, 11.20 என்று நேரம் எழுதினாள்.

முதல் இரண்டு முறை விசேஷமாக ஒன்றும் இல்லை. மூன்றாம் முறைதான் வில்லங்கம். கண் விழித்தவளை வைத்திருந்த அறை வழியாகத்தான் அடுத்த நோயாளியின் தள்ளுவண்டி போக வேண்டும். அக்கா எட்டி அந்த வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"மூணாம் லைன்ல ஆள் இருக்கு. யாரும் கரன்ட் விடக்கூடாது."

நர்ஸ்கள் பிரித்துப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு கிலோ உடம்பு, பிடி இரும்பு. மகன் நொறுங்கிப் போனான். என்னை வராந்தாவுக்கு இழுத்துவந்து அழுதான்.

"மாமா, இருந்த மூளையும் போச்சு. போதும், நிறுத்தச் சொல்லுங்க. இப்படி இருக்கறதுக்கு அவங்க போயிட்டாலே தேவலை."

நான் உள்ளே திரும்பியதும், நடுவயது ஆண் நர்ஸ் ஒருவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்காவின் காதருகே குனிந்தார்.

"அக்கா, மூணாம் லைன்ல ஆள் இறங்கியாச்சு. நான்தான் ஏறினேன், நான்தான் பேசறேன்."

"நேரம்?"

"ஒன்பது நாப்பது."

கை கம்பியை விட்டது. வண்டியில் படுத்திருந்த நோயாளி, "அப்ப நான் போலாமாம்மா?" என்று கேட்டார். "போங்க" என்றாள் அக்கா, பெரிய மனதோடு.

அன்று மாலை அவள் தெளிந்த பிறகு, மகன் நிறுத்தச் சொல்வதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். "முடிவு உங்களோடதும்மா. தொடரலாமா?"

"பாதிக் கம்பத்துல எவனாவது வேலையை விடுவானா?" என்றாள்.

ஐந்தாம் முறைக்குப் பிறகு டீயில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொன்னாள். அவள் குறை சொல்லிக் கேட்டு எத்தனை நாள்! மகன் கரண்டி கரண்டியாகப் போட்டு அதைப் பாகாக்கிவிட்டான். ஆறாம் முறைக்கு மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த மூணாவது ஆளுக்குப் போன் போடுடா."

போட்டுக் கொடுத்தேன்.

"நான்தான் பேசறேன். உயிரோட இருக்கீங்களா?"

எதிர்முனையில் அவர் சிரித்தது எனக்கே கேட்டது. "இருக்கேன்க்கா. முட்டிதான் செத்துப்போச்சு."

"திருப்பிச் சொல்லுங்க."

"நான் உயிரோட இருக்கேன்க்கா. நீங்க அன்னிக்குக் கரன்ட் விடலை. அதனாலதான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. "நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா, கோடு போட்டதா" என்றாள்.

மொத்தம் ஒன்பது முறை. நோய் திரும்பாமலிருக்க மாத்திரை இன்னும் தொடர்கிறது. திரும்பவே திரும்பாது என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. அந்தக் கோடையில் இரண்டு மாத நினைவு அவளிடம் கிட்டத்தட்ட இல்லை. பேத்தி முதல் அடி எடுத்து வைத்ததை பக்கத்திலேயே இருந்து பார்த்தவள்; அது போனது போனதுதான். பிறர் சொல்லக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். மழை நாள் மட்டும் நிமிடம் பிசகாமல், நடந்தது நடந்தபடி இருக்கிறது.

மாடிப்படியில் மேல்மாடிப் பெண் குரலைத் தாழ்த்தி, "உடம்பு என்னமோன்னு..." என்று இழுத்தாள். "மூளைக்குக் கரன்ட் வச்சாங்க. ஒன்பது தடவை" என்று மூன்று மாடிக்கும் கேட்கச் சொன்னாள் அக்கா.

மகன்தான் சில வாரம் அவள் முகத்தைப் பார்க்காமலே நடமாடினான். வராந்தாவில் அவன் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே அவள் மேசை முன்னால் போய் நின்றான்.

"அம்மா, மூணாவது தடவை அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன். நிறுத்தச் சொன்னேன். அதோட, இப்படி இருக்கறதுக்கு நீங்க போயிட்டாலே தேவலைன்னு..."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

"திருப்பிச் சொல்லு."

நாற்பத்திரண்டு வயது கணக்கு வாத்தியார் ஒரு வார்த்தை மாற்றாமல் திருப்பிச் சொன்னான். அவள் எழுதினாள். கடிகாரத்தைப் பார்த்து நேரம் போட்டாள்.

"சரி, இறங்கியாச்சு" என்றாள். "இப்ப டீ போடு. சர்க்கரையைப் பாத்துப் போடு."