மதிய நேரத்து டயல்டோன்

அந்தக் கம்ப்யூட்டர் காலையில் ஒழுங்காக வேலை செய்யும். மதியம் என்னிடம் மட்டும் செய்யாது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இதை எழுத உட்காரும்போதே காது சூடாகிறது.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்கு, மிளகு வியாபாரியிடம் நான் வேலை பார்த்தேன். கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். கிடங்கில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து, சுண்ணாம்பு போட்டு உலர்த்திய சுக்கைப் புடைத்துத் தரம் பிரிப்போம். அந்தத் தூள் மூக்கில் ஏறி நெஞ்சில் இறங்கியதில் இரண்டாம் வருடமே எனக்கு இழுப்பு வந்துவிட்டது. படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். அந்தச் சமயத்தில் மேலே கடிதம் அடித்துக்கொண்டிருந்த கிளார்க் கல்ஃபுக்குப் போய்விட்டார். நான் பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் படித்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஒரு மாதம் பார்ப்பாராம். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஈமெயில் நானே அனுப்பக் கற்றுக்கொண்டால் அந்த நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் திரும்பவும் கீழே, தூளுக்கு.

கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்தது. களமசேரியிலிருந்து வரும் டெக்னீஷியன் போட்டுக் கொடுத்தது. "இது ஸ்வதந்த்ர சாஃப்ட்வேர் சேச்சி. ஆருக்கும் அடிமையல்ல" என்று தன் பிள்ளையைப் போலப் பெருமை பேசுவார். எனக்கு லினக்ஸ் மேல் ஒரு வருத்தமும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் மோடம் எண்ணைச் சுழற்றும், கீச்சுக்கீச்சென்று கத்தும், பிறகு நெட் வந்துவிடும். அவர் அடித்தால் வரும். நான் அடித்தால் 'நோ டயல்டோன்' என்று வரும். போனில் டோன் கேட்கவில்லை, அதனால் டயல் செய்ய மாட்டேன் என்று அர்த்தம்.

எனக்குக் கொடுத்த நேரம் மதியம். காலை முழுவதும் விலை கேட்டு போன் வந்துகொண்டே இருக்கும், இருந்ததோ ஒரே லைன். "ஊணு சமயத்து லைன் சும்மா கிடக்கும். அப்போ நீ மெயில் அயச்சோ" என்று, சாப்பாட்டு நேரத்தில் அனுப்பிக்கொள்ளும்படி முதலாளி சொல்லியிருந்தார். ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார், தூங்கி எழுந்து மூன்று மணிக்கு வருவார். கிளம்பும் முன் என் பக்கம் முதுகைத் திருப்பி நின்று, போனை எடுத்து எண்களை அழுத்திவிட்டு வைப்பார். சாப்பிட வருவதாக வீட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்தவர் வீட்டுப் பேச்சு எனக்கு எதற்கு? அவர் போனைத் தொட்டதுமே நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். என் சுபாவம் அப்படி.

இரண்டு வாரத்தில் மூன்று முறை டெக்னீஷியன் வந்தார். மூன்று முறையும் காலை பத்து மணிக்கு. வந்து உட்கார்ந்து அடிப்பார், உடனே நெட் வந்துவிடும்.

"சேச்சி தொடும்போ மாத்ரம் மோடத்துக்கு நாணம் வருதோ?" என்றார் மூன்றாம் முறை.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆளைப் போலதன்னே மெஷினும்."

நான் சொன்னேன். "சார், மதியம் போனை எடுத்துக் கேட்டேன். டோன் இருக்கு. ஆனா வேற மாதிரி இருக்கு. விட்டு விட்டு வருது."

"டோன் வேறயோ? கூடே பாட்டு வல்லதும் கேட்டோ?" என்றார் டெக்னீஷியன்.

"மண்டி" என்றார் முதலாளி. மலையாளத்தில் முட்டாள் பெண்ணை அப்படிச் சொல்வார்கள். சொல்லிவிட்டு டெக்னீஷியனுக்குச் சாயா வாங்கிவரச் சொன்னார். யாரை? என்னைத்தான். வாங்கிவந்தேன். கண்ணாடி டம்ளரை அவர் முன்னால் டக்கென்று வைத்தபோது சாயா மேஜையில் சிந்தியது. பயத்தால் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

கிடங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து புடைத்த அக்கா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, படியடியில் பிடித்துக்கொண்டாள். "மாடி மகாராணி, உன் மொறத்த ஒருத்திக்கும் குடுக்கல. எப்படியும் வந்துருவேன்னு சாக்குக்கு அடியில வச்சிருக்கேன்." அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவளுக்கும் இருமல்தான். ஆனால் அன்று அவள் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. நான் தொட்டால் கெடுகிறது என்பதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். காலையில் ஆபீசைப் பெருக்கும்போது போனை எடுத்துக் கேட்டேன். நீளமான ஒரே டோன். பகல் பன்னிரண்டு மணிக்கும் அதேதான். முதலாளி படியிறங்கிப் போனதும் எடுத்தேன். விட்டு விட்டு வந்தது. மறுநாளும் அப்படியே. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. முதலாளி போனைத் தொட்டது. அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளில் அவர் அந்தப் போனில் ஒரு 'ஹலோ' கூடச் சொல்லவில்லை. வெறுமனே எண்களை அழுத்திவிட்டு வைத்திருக்கிறார்.

மறுநாள் அவர் போய் அரை மணி கழித்து எதிரிலிருந்த டெலிபோன் பூத்துக்குப் போனேன். எங்கள் ஆபீஸ் எண்ணையே அழைத்தேன். ஆபீஸ் ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனால் அங்கே மணி அடிக்கவில்லை.

"ஹலோ, பறயூ" என்றது என் காதில் முதலாளியின் குரல். வாயில் சோறு இருந்தது. பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

ரிசீவரை வைத்துவிட்டேன்.

மதிய அழைப்பெல்லாம் தன் வீட்டுக்கு வரும்படி அவர் தினமும் லைனைத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு வந்ததும் பழையபடி மாற்றியிருக்கிறார். எதற்கு? மிளகு விலை என் காதில் விழக் கூடாது. அவ்வளவுதான். லைனைத் திருப்பிவிட்டால் டோன் மாறும், மாறிய டோன் மோடத்துக்குப் புரியாது. சும்மா கிடக்கும் லைன் என்று சொல்லி எனக்குக் கொடுத்தவரே அதைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னை நம்பாதது அவர், அதற்கான திட்டை வாங்கியது நான். பூத்திலிருந்து ஆபீஸ் படி ஏறும்போது நெஞ்சு இழுத்தது. நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இழுப்பு அடங்கியது, கோபம் அடங்கவில்லை.

சாயங்காலம் முதலாளியிடம் போய் நின்றேன். "நாளைக்கு டெக்னீஷியன் சார் ஒன்றரை மணிக்கு வரட்டும். நான் செய்யற நேரத்துல அவர் செஞ்சு காட்டட்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. அதும் நோக்காம். பின்னே ஒண்ணும் பறயண்டா." அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லக் கூடாது என்று அர்த்தம்.

மறுநாள் முதலாளி வழக்கம்போல எண்களை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். டெக்னீஷியன் வந்து உட்கார்ந்தார். அடித்தார். நோ டயல்டோன். வயரைப் பிடுங்கிச் செருகினார். நோ டயல்டோன். மோடத்தை அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முக்கால் மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. அது நல்ல குணமில்லை என்று தெரியும். வேண்டுமென்றேதான் இருந்தேன்.

பிறகு ரிசீவரை எடுத்து அவர் காதருகே நீட்டினேன். "பாட்டு கேக்குதா சார்?"

கேட்டார். முகம் மாறியது. லைன் எங்கே போகிறது என்பதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஒரு ஃபைலைத் திறந்து ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்த்தார். டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யச் சொல்லும் கட்டளை அது. அவ்வளவுதான் வேலை. மோடம் கத்தியது, நெட் வந்தது. சுக்கு சாம்பிள் பற்றிய மெயிலை நானே அடித்து, நானே அனுப்பினேன்.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார்.

"லைனில் சின்ன கம்ப்ளைன்ட். ஞான் சரியாக்கி" என்றார் டெக்னீஷியன்.

"லைன்ல கம்ப்ளைன்ட் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "முதலாளி தினம் போனை வீட்டுக்குத் திருப்பிட்டுப் போறார். அப்ப டோன் மாறுது. நான் அன்னிக்கே சொன்னேன்."

"அது நினக்கு எங்ஙனே அறியாம்?" எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் முதலாளி.

"பூத்துலேர்ந்து இங்க அடிச்சேன். நீங்கதான் எடுத்தீங்க. சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க."

டெக்னீஷியன் பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். முதலாளியின் கழுத்து சிவந்தது. திட்டுவார், கீழே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். சொல்லட்டும் என்றும் இருந்தது.

"மெயில் போயோ?" என்றார் கடைசியில்.

"போச்சு."

"எந்நா அவிடே இருந்தோ." அப்படியானால் அங்கேயே உட்கார்ந்துகொள் என்று அர்த்தம்.

அவ்வளவுதான். மண்டி என்றதற்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. டெக்னீஷியனுக்குச் சாயா சொன்னார். இந்த முறை நான் எழுந்திருக்கவில்லை. முதலாளியே ஜன்னல் வழியாகக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

அடுத்த நாள் ஒரு மணிக்கு அவர் வழக்கம்போல முதுகைத் திருப்பி நின்று போனை எடுத்தார். எல்லாம் தெரிந்த பிறகும் அவர் மாறவில்லை. இரண்டு எண் அழுத்திவிட்டு, தோள் மேலாகத் திரும்பிப் பார்த்தார். நான் என் நாற்காலியில் இருந்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பவில்லை. அவர் கடைசி எண்ணை அழுத்தி ரிசீவரை வைக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.