இரண்டு கைக்கும் வேலை

வடக்கனந்தல் செழியன் தனக்கு ஒரு கேம் மெஷின் வாங்கப் போகிறான் என்று தெரிந்ததும் தெருவே சிரித்தது. மீசையில் நரை தட்டிவிட்டது, நெல் அறுக்கிற வண்டிக்கு டிரைவர், இவனுக்கு இது தேவையா? பிள்ளைக்கா என்று கேட்டவர்களிடம், எனக்குத்தான் என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். வெட்கப்பட அவனுக்கு நேரமில்லை. தை பிறந்தால் வண்டி மன்னார்குடிப் பக்கம் கிளம்பிவிடும்.

போன அறுப்பில் குடித்தே சீரழிந்து திரும்பியவன் அவன். மனைவி கலையரசி மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகிறவள், வாய் திறந்து நாலு வார்த்தை பேசாதவள். அவனைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு தியாகதுருகத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நடையாய் நடந்துதான் அழைத்து வந்தான். இன்னொரு தடவை குடித்தால் ஒரேயடியாகப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அன்றிலிருந்து அவன் தொடவில்லை. ஊரில் இருந்துகொண்டு தொடாமல் இருப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அறுப்புக்குப் போன இடத்தில்தான் சோதனை. பனி காய்கிற வரை வண்டி வயலில் இறங்காது. மழை பெய்தால் நாள் முழுக்கச் சும்மா. போதாக்குறைக்கு, தங்கள் வயலை முதலில் அறுக்கவேண்டும் என்று நிலத்துக்காரர்கள் டிரைவர் கையில் பாட்டிலைத் திணிப்பார்கள். அதற்குப் பெயர் மரியாதையாம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் சந்தோஷ் மூன்று மெஷின்களை எடுத்துக் காட்டினான். ஒன்று உள்ளங்கையில் அடங்கியது. செழியன் அதை ஒரு கையாலேயே ஆடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அடுத்தது கம்ப்யூட்டர் மாதிரி. படம் கண்ணைப் பறித்தது. ஆனால் சீக்கிரம் சூடேறி இரைந்தது, சார்ஜ் நிற்காது, புது ஆட்டம் ஏற்ற நெட் வேண்டும். வயல்காட்டில் நெட்டுக்கு எங்கே போவது? இன்னொன்று யாரோ ஆடி விற்றது, ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. ஆட்டம் ஏற்றிய கார்டைச் செருகி ஆடலாம், நெட் தேவையில்லை. பாதியில் நிறுத்திவிட்டு வண்டி ஓட்டப் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தான், ஓரளவு தெரிந்தது. அதையே எடுத்துக்கொண்டான்.

சந்தோஷ் வியாபாரி என்றாலும் நல்லவன். பேசாமல் போனிலேயே ஆடலாமே என்று கேட்டான்.

"போனு ஒரு கையில ஆடலாம் சந்தோசு, இன்னொரு கை சும்மா கெடக்கும். எனக்கு ரெண்டு கைக்கும் வேலை வேணும்" என்றான் செழியன்.

உறை ஒன்றும் வாங்கிக்கொள்ளச் சொன்னான் சந்தோஷ். கை நீட்டினால் கிடைக்கவேண்டும், உறையிலிருந்து உருவிக்கொண்டிருக்க முடியாது என்று செழியன் மறுத்துவிட்டான். அங்கேதான் கோட்டை விட்டான்.

மன்னார்குடிப் பக்கம் எல்லாம் நன்றாகவே போனது. ஒரு சின்ன ஆள் பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடுகிற ஆட்டம். உதவியாள் வீரமுத்து, செழியனைவிட மூத்தவர், எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்; ஆள் பள்ளத்தில் விழுந்தால் செழியனைத் திட்டுவார். வருகிற பாட்டிலெல்லாம் அவர் கைக்குப் போனது. சாயங்காலம் கலையரசி போன் போடுவாள். குடித்தீர்களா என்று கேட்கமாட்டாள், எத்தனையாவது லெவல் என்று கேட்பாள். அவன் சொன்னதும் சரி என்று வைத்துவிடுவாள்.

மாசியில் காலம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. பார்த்து வைத்தாற்போல் மெஷினும் சார்ஜ் ஏறாமல் அணைந்துபோனது. சார்ஜர் குத்துகிற ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தால், அறுப்பில் பறக்கிற நெல் சுணைத் தூசி அடைத்துக் கிடந்தது. சுணைக்குப் பயந்து முகத்தில் துண்டு கட்டுகிறவன், போனைப் பாலித்தீன் கவரில் சுற்றுகிறவன், இதை மட்டும் ஸ்டியரிங் பக்கத்தில் திறந்தே போட்டு வைத்திருந்தான். ஊசியால் நோண்டப்போய் உள்ளே ஏதோ வளைந்துவிட்டது. இனி ஊருக்குப் போனால்தான் சரிபண்ண முடியும்.

மறுநாள் பொழுது சாய நிலத்துக்காரர் ஒருவர் குடையோடு வந்தார். மழை விட்டதும் தன் வயல்தான் முதலில் என்று சொல்லி, பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். வீரமுத்து டீக்கடைக்குப் போயிருந்தார். செழியன் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தான். பிறகு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான். வாசனைக்கே வாயில் எச்சில் ஊறியது. அவனுக்கு அவன்மேலேயே பயமாக இருந்தது.

போன் அடித்தது. "எத்தினியாவது லெவலு?" என்றாள் கலையரசி.

ஏதோ ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு என்ன தெரியப்போகிறது?

"மெஷினு கெட்டுப்போச்சி கலை. பாட்டில தொறந்து கையில வெச்சிக்கினு இருக்கேன். இன்னும் குடிக்கல."

அவள் வைத்துவிடுவாள் என்றே நினைத்தான்.

"போன வெச்சிடாதீங்க" என்றாள்.

பிறகு அவளே பேசினாள். கல்வராயன் மலை தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருப்பதை, கோமுகி அணைக்குத் தண்ணீர் வருவதை, சேற்றில் கிழங்கு பிடுங்க முடியாமல் ஆட்கள் திரும்பிப் போனதைச் சொன்னாள். எதிர்வீட்டுப் பெரியம்மாளின் ஆடு பஞ்சாயத்து ஆபீசுக்குள் புகுந்த கதையை ஆரம்பித்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. இடையில் நிறுத்தவே இல்லை.

வீரமுத்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். செழியன் பாட்டிலை அவரிடம் நீட்டினான்.

"வீரமுத்து அண்ணன்கிட்ட குடுத்துட்டேன் கலை" என்றான்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"செரி, மீதியக் கேளுங்க" என்று ஆட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.