முதல் தடவையே அறுபது

கார் எஞ்சினுக்கு அறுபது சைஸ் போதும் என்று அப்பா சொன்னதைக் கேட்டு, மனுஷர் சீக்கிரமே சாகப்போகிறார் என்று முடிவுகட்டிய ஒரே பிள்ளை இந்தத் தாம்பரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அப்பாவைத் தெரிந்தவர்கள் இதற்குச் சிரிக்கமாட்டார்கள். தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டிக் குளிப்பவர் அவர். என் கால்சட்டையில் வருங்கால வளர்ச்சிக்கெல்லாம் சேர்த்துத் துணி மடித்துத் தைக்கச் சொல்பவர். எங்கள் பழைய கார் புகை கக்கத் தொடங்கியபோதும் அப்படியே ஒரு திட்டம் போட்டார். பிஸ்டன் ஓடியோடித் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து கொஞ்சம் அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். இருபது, நாற்பது, அறுபது என்று மூன்று சைஸ். அறுபதோடு சரி, அப்புறம் குடைய இரும்பு மிஞ்சாது.

"இப்போ இருபது. நீ காலேஜ் போறப்போ நாற்பது. உன் கல்யாணத்துக்கு அறுபது" என்றார் அப்பா. மூன்றாம் வகுப்பிலேயே என் கல்யாணத்துக்கு சைஸ் குறித்தாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பட்டணம் போய் மின்சார ரயிலில் திரும்பியவரின் கையில், செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். ஸ்டேஷனில் காத்திருந்த என்னையும் இழுத்துக்கொண்டு நேரே ஒர்க் ஷாப்புக்குப் போனார். பக்கத்துக் கடையில் நான் கோலி சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே வந்தபோது, மெக்கானிக் தலையில் கைவைத்து நின்றிருந்தார்.

"இன்னா சார் இது, மொத தபாவே அறுபதா? இதோட கதை முடிஞ்சிரும் சார்!"

"தெரியும்ப்பா. எனக்கு இது போதும். அப்புறம் யார் இருந்து பார்க்கப் போறா?"

சோடா எனக்கு மூக்கு வழியாக வந்தது. காலேஜ் போச்சு, கல்யாணம் போச்சு, இப்போது அப்பாவும் போகிறார்!

வீட்டில் பொட்டலத்தை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். "யாரும் தொடக்கூடாது. கீழே போட்டா அவ்வளவுதான்." சந்தேகமே இல்லை, மருந்து. சாப்பாட்டின்போது என் வறுத்த மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கணக்குல எவ்வளவுடா வாங்கினே?" என்றார். சாகப்போகிறவருக்கு என்ன நெஞ்சழுத்தம்!

சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தது. "ஆண்டவரே, என் கல்யாணம் வரைக்குமாவது அப்பாவை விட்டுவையும்" என்று தொடங்கினேன். அதற்குமேல் அழுகைதான். அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, என்கிட்ட மறைச்சு, இந்தப் பிள்ளைகிட்ட சொல்லியிருக்கீங்களே!"

காரணம் கேட்காமலே அக்காவும் சேர்ந்துகொண்டாள். சாவு வீட்டுக்குக் குறையாத ஒப்பாரி. நடுவில் அப்பா பைபிளும் கையுமாக முழித்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கேடி சாகப்போறேன்?"

"பீரோல மருந்து இருக்கு!" என்று நான் போட்டுடைத்தேன்.

அப்பா எழுந்துபோய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து ஜெபப்பாயில் பிரித்தார். நான்கு பிஸ்டன்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 60.

"கடை கடையா ஏறி இறங்கிட்டேன். இருபதும் இல்லை, நாற்பதும் இல்லை. இதுதான் இருந்துச்சு. திங்கட்கிழமை வண்டியை விட்டு, இதுக்கேத்த மாதிரி குடைஞ்சுக்க வேண்டியதுதான்."

அந்தக் காலத்தில் எஞ்சினின் சைஸை எஞ்சினும் தீர்மானிக்கவில்லை, அப்பாவும் தீர்மானிக்கவில்லை, கடைக்காரரின் அலமாரிதான் தீர்மானித்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

என் கல்யாணத்துக்கு அப்பா இருந்தார். கார்தான் இல்லை. டாக்ஸி பிடித்துத்தான் சர்ச்சுக்குப் போனோம்.